பிளே ஸ்டேஷன் வாங்கினால் காசு தேறுமா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் டிவி, இன்வெர்ட்டர், ஹோம் தியேட்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. சில வருடங்களாக கேம் கன்சோலும், அதாவது டிவியில் மாட்டி விளையாடும் பிளே ஸ்டேஷன் மாதிரிப் பெட்டியும், மேசைக்கு வருகிறது. பழுது பார்க்க வருபவர்களைவிட, "அண்ணா, இதை வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போகிறவர்கள்தான் அதிகம். நான் கன்சோல் விற்பதில்லை. அதனால் வாங்கச் சொல்லியும் லாபமில்லை, வேண்டாமென்று சொல்லியும் நஷ்டமில்லை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

55,000 ரூபாய் கொடுத்து ஒரு விளையாட்டுப் பெட்டியா? அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடே பிடிக்கலாமே?

இதைக் கேட்டவர் காரிமங்கலம் பக்கத்து விவசாயி. மகன் பிளே ஸ்டேஷன் 5 கேட்கிறானாம். நானும் மாட்டை வைத்தே பதில் சொன்னேன். சந்தையில் மாடு பிடிக்கும்போது விலையை மட்டுமா கேட்கிறோம்? ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும், தீவனத்துக்கு என்ன ஆகும், நாலு வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும், எல்லாம் கேட்டுவிட்டுத்தானே கயிற்றைக் கையில் வாங்குகிறோம். கன்சோலுக்கும் அதே கேள்விகள்தான். இங்கே கறவை என்பது விளையாடும் மணி நேரம். தீவனம் என்பது கேம்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெட்டிக்கு அவர் சொன்ன 55,000ஐயே எடுத்துக்கொள்வோம். ஐந்து வருடம் கழித்து 20,000க்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் 35,000, வருடத்துக்கு 7,000. வருடத்துக்கு நாலு கேம் டிஸ்க் வாங்கி, முடித்ததும் விற்றால் கையைவிட்டுப் போவது ஒன்றுக்கு 2,000 வீதம் 8,000. கரண்ட், கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலரின் தேய்மானம், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 2,000. ஆக வருடத்துக்கு 17,000 ரூபாய்.

தினம் ஒரு மணி நேரம் ஆடும் வீட்டில் மணிக்கு 47 ரூபாய் ஆகிறது. சனி ஞாயிறு மட்டும் சேர்த்து வாரத்துக்கு நாலு மணி நேரம் என்றால் மணிக்கு 80 சொச்சம். முதல் மாதம் ஆசையாக ஆடிவிட்டு, அப்புறம் துணி போட்டு மூடி வைத்து, வருடத்துக்கு 40 மணி நேரம் ஆடும் வீட்டில் மணிக்கு 425 ரூபாய். பெட்டி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். நாலு பேர் சினிமாவுக்குப் போய்ப் பாப்கார்ன் வாங்கினால் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். முதல் வீட்டுக்காரருக்கு இது மலிவு. மூன்றாவது வீட்டுக்காரருக்கு இது கறவை நின்ற மாடு.

அதனால் நான் முதலில் கேட்பது பணம் இருக்கிறதா என்றில்லை. உங்கள் வீட்டு டிவி எந்த நேரத்தில் சும்மா இருக்கிறது? சாயங்காலம் ஆறரை முதல் பத்து வரை சீரியல், அதற்கு மேல் செய்தி, பையன் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஏழு மணிக்குக் கிளம்புகிறான் என்றால் கறக்க நேரமே இல்லாத மாட்டைப் பிடிக்கிறீர்கள். ஒரே டிவி உள்ள வீடுகள் இதை யோசிக்காமல் வாங்கிவிட்டு, பிறகு இரண்டாவது டிவிக்கு விலை கேட்டு என்னிடமே வருகின்றன.

பெட்டி வாங்கினால் வேறு எதுவும் வாங்க வேண்டாமா?

தீவனம் வேண்டும். பிளே ஸ்டேஷன் 5 பெட்டிக்குள் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற கேம் இலவசமாகவே இருக்கிறது. சின்னதுதான், ஆனால் நல்ல கேம். அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகளின் புதுக் கேம் ஒவ்வொன்றும் 5,000 ரூபாயை ஒட்டி நிற்கும். வெளிவந்த வாரமே வாங்குபவர்கள்தான் நொந்துபோகிறார்கள். ஒரு வருடம் பொறுத்தால் அதே கேம் பாதி விலைக்கு வரும், வந்தபோது இருந்த பிழைகளும் சரிசெய்யப்பட்டிருக்கும். கேம் கெட்டுப்போகும் பண்டம் இல்லை, தக்காளி இல்லை.

கூடுதல் கண்ட்ரோலர் ஒன்று 6,000 ரூபாய் அளவில். அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் இது கட்டாயச் செலவு, இல்லாவிட்டால் நீங்கள் தினமும் பஞ்சாயத்துப் பேச வேண்டியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய கேமை இணையத்தில் மற்றவர்களோடு ஆட மாதச் சந்தா தனி. ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், ஈஃபுட்பால் போன்ற இலவச கேம்களுக்குப் பிளே ஸ்டேஷனில் அந்தச் சந்தா தேவையில்லை. வீட்டில் தனியாகக் கதை கேம் ஆடுபவருக்கும் தேவையில்லை. கடைக்காரர் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டிஸ்க் போடும் மாடலா, டிஸ்க் இல்லாத மாடலா? விலை குறைகிறதே?

நம் ஊருக்கு டிஸ்க் மாடல்தான். காரணம் ஒன்றே ஒன்று, டிஸ்க்கை விற்கலாம். இரவல் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் வாங்கிய கேமை உங்கள் கணக்கைத் தவிர வேறு எங்கும் கொண்டுபோக முடியாது. 5,000க்கு வாங்கிய டிஸ்க்கை 3,000க்கு விற்றால் கேமின் உண்மை விலை 2,000. நாலைந்து டிஸ்க்கில் அந்த விலை வித்தியாசம் கழிந்துவிடும். பழைய பிளே ஸ்டேஷன் 4 டிஸ்க்குகளும் ஏறக்குறைய எல்லாமே இதில் ஓடும். செகண்ட் ஹேண்டில் அவை சல்லிசாகக் கிடைக்கின்றன.

மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990க்கு வந்தபோது பலர் ஆசைப்பட்டார்கள். அதில் டிஸ்க் போட வழியே கிடையாது, எல்லாக் கேமையும் நெட்டில்தான் இறக்க வேண்டும். வந்த மாடலில் 512 ஜிபி என்று எழுதியிருந்தாலும் கேம் வைக்கக் கிடைப்பது 364 ஜிபிதான். நல்ல நெட் இருக்கும் ஓசூர்க்காரருக்குச் சரி.

மணிக்கு எத்தனை ரூபாய் என்ற உங்கள் கணக்கு எல்லாக் கேமுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. இதை என் மகள்தான் எனக்குக் காட்டினாள்.

வெண்பா என்று ஒரு கேம், 2023 ஜூலையில் வந்தது. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பெயர்தான் வெண்பா. அவருடைய அம்மா எழுதிக்கொடுத்த பழைய சமையல் குறிப்பு நோட்டில் சில இடங்கள் அழிந்துபோயிருக்கும். நாம் யோசித்து, சரியான முறையில் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பதுதான் புதிர். இட்லிக் குண்டானைத் தினம் தூக்கும் என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கண்ட்ரோலரை வாங்கித் தானே அடுக்கினார். 2024இல் அந்த கேமுக்கு முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். என் கணக்குப்படி அது நஷ்டம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசினோம். மறுபக்கம், 100 மணி நேரம் ஓடும் கேம்கள் இருக்கின்றன. அதில் 60 மணி நேரம் மரம் வெட்டுவதும், மூட்டை தூக்குவதும், இங்கிருந்து அங்கே ஓடுவதுமாகவே கழியும். அது கறவை இல்லை, தண்ணீர் கலந்த பால். ஆகவே மணிக் கணக்கு கன்சோலை வாங்கலாமா என்று முடிவு செய்ய. எந்த கேமை வாங்கலாம் என்பதற்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

போனிலேயே இலவசமாக ஆடலாமே?

ஆடலாம். போனில் ஆடும் கேமின் நுழைவுக் கட்டணம்தான் இலவசம், உள்ளே கடை விரித்திருப்பார்கள். புதுச் சட்டை, துப்பாக்கிக்கு வண்ணம், டைமண்ட், யூசி என்று கேமுக்குள் மட்டும் செல்லும் காசு. ஒவ்வொன்றும் 80 ரூபாய், 400 ரூபாய் என்று போகும்போது வலிப்பதில்லை. 55,000 ஒரே நாளில் போனால் வீடே பேசும். 300 ரூபாய் வாரம் இரண்டு முறை போனால் வருடத்துக்கு 31,000. யாரும் பேசமாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, போன் ரிப்பேர் என்று நினைத்து என் கடைக்கு வந்தார். கணக்கில் பணம் குறைகிறது, யாரோ திருடுகிறார்கள் என்றார். எட்டாம் வகுப்பு பையன் அவர் போனில்தான் ஆடுகிறான். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைத்துக் கொடுத்தேன். கட்டணம் வாங்கவில்லை, பையன் என்னை முறைத்த முறைப்பே போதும்.

இது ஆன்லைன் ரம்மி மாதிரி ஆகிவிடாதா?

இரண்டும் வேறு வேறு. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடுவது சூதாட்டப் பக்கம். அப்படிப்பட்ட பண விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. கன்சோலில் டிஸ்க் போட்டு ஆடும் கால்பந்திலும் கார் ரேஸிலும் திரும்பப் பணம் வராது, ஆகவே விட்டதைப் பிடிக்கும் வெறியும் வராது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை. சில கேம்களுக்குள் காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியையோ வீரர் பாக்கெட்டையோ திறக்கச் சொல்வார்கள். அது லாட்டரிச் சீட்டின் ஒன்றுவிட்ட தம்பி.

பையன் பிளஸ் டூ. "இப்போது வாங்கிக் கொடு, மார்க் எடுக்கிறேன்" என்கிறான்.

முடிவு வந்த பிறகு வாங்கிக் கொடுங்கள்.

அடிமையாகிவிடுவான் என்று பயமாக இருக்கிறது. அது நோய் என்கிறார்களே?

உலக சுகாதார அமைப்பு 2019இல் கேமிங் கோளாறு என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது உண்மை. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதில் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். விளையாட்டின்மேல் கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, கெடுதல் வந்தபிறகும் நிறுத்தாமல் தொடர்வது, இவை படிப்பையும் உறவையும் வேலையையும் பாதிக்கும் அளவுக்குப் பொதுவாக ஓர் ஆண்டாவது நீடிப்பது. பரீட்சை லீவில் மூன்று நாள் ராத்திரி முழித்து ஆடுவது நோயில்லை. குளிக்காமல், கூப்பிட்டால் திரும்பாமல், நண்பர்களை விட்டு, மாதக்கணக்கில் போனால் மருத்துவரிடம் போங்கள். என்னிடம் வராதீர்கள். பெட்டியைப் பிடுங்கி என் கடையில் ஒளித்து வைக்கச் சொன்ன அப்பாக்கள் இரண்டு பேர் உண்டு. பையன்கள் போனுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது.

இந்த ஒரு விஷயத்தில் கன்சோல் போனைவிட மேல் என்பது என் கட்சி. டிவி நடுக்கூடத்தில் இருக்கிறது, என்ன ஆடுகிறான் என்று எல்லாருக்கும் தெரிகிறது. போனோ போர்வைக்குள் போகிறது. பிளே ஸ்டேஷன் 5இல் பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், மாதம் எவ்வளவு செலவு என்று வரம்பு வைக்கலாம். அப்பாவின் கணக்கிலேயே பையன் ஆடினால் அந்தப் பூட்டு எதற்கும் உதவாது. பத்தில் ஒன்பது வீட்டில் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

இன்னொன்று, டிஸ்க் அட்டையின் ஓரத்தில் 3, 7, 12, 16, 18 என்று ஓர் எண் இருக்கும். அது விலையும் இல்லை, பாகமும் இல்லை. வயது. ஜிடிஏ 5 அட்டையில் 18 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை ஆறாம் வகுப்பு பையனின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "கேம் எல்லாம் இப்படித்தானா?" என்று அதிர்ச்சியடைந்தவர் எனக்கு உறவுக்காரர், பெயர் வேண்டாம்.

எனக்கு 43 வயது. வீட்டில் எனக்குத்தான் ஆசை. வாங்கினால் சிரிப்பார்களா?

ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். சின்ன வயதில் அண்ணன்கள் டிவி கேமில் மாரியோ ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம். "உன் முறை அப்புறம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அந்த அப்புறம் வரவேயில்லை.

எனக்கு அந்த டிவி கேம் காலம் நன்றாக நினைவிருக்கிறது. மஞ்சள் கேசட், மேலே 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது பத்துப் பதினைந்துதான், மற்றதெல்லாம் அதே கேமைக் கொஞ்சம் வேகம் மாற்றிப் போட்டது. ஓடாவிட்டால் கேசட்டை எடுத்து ஊதுவோம். ஊதியதால் எந்தப் பயனும் இல்லை, எடுத்துத் திரும்பச் சொருகியதால்தான் ஓடியது, வாய் ஈரம் பின்னைத் துருப்பிடிக்க வைத்தது என்பதெல்லாம் இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு தெரிந்தது.

அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். இந்த ஊரில் கன்சோலை வாங்கி ஐந்து வருடம் விடாமல் ஆடுபவர்கள் பிள்ளைகள் இல்லை, சம்பாதிக்கும் பெரியவர்கள்தான். பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை போனால் அடுத்தது. ஷிஃப்ட் முடித்து வந்து ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்காருபவருக்கு அந்த மணிக்கு 47 ரூபாய் உண்மையிலேயே 47 ரூபாய்தான். இட் டேக்ஸ் டூ என்ற கேமை வாங்கச் சொன்னேன். 2021இல் வந்தது. தனியாக ஆடவே முடியாது, கட்டாயம் இரண்டு பேர் வேண்டும், டிவி திரை இரண்டாகப் பிரிந்துகொள்ளும். சண்டையில் இருக்கும் புருஷன் பெண்டாட்டி பொம்மைகளாகிவிட்ட கதை. அவர் தன் வீட்டுக்காரரோடு ஆடுகிறார். அவர் வீட்டுக்காரர் இன்னும் குதிக்கும் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

கரண்ட் பில் எகிறுமா?

இல்லை. பிளே ஸ்டேஷன் 5 பெரிய கேம் ஓடும்போது 200 வாட் அளவில் இழுக்கும், டிவி ஒரு 80. தினம் ஒரு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் 17 யூனிட். ஏசிக்கு அது ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரித் தீனி. 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளுக்கும் விலை கூடிவிடும்.

கரண்ட் கட், லோ வோல்டேஜ், தூசி. எங்கள் ஊரில் தாங்குமா?

இது என் சொந்தப் பேட்டை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்தில் போர் மோட்டார் போட்டால் உங்கள் வீட்டு பல்பு மங்குகிறதா? அந்த அளவு இறக்கத்தை கன்சோலின் பவர் சப்ளை தாங்கும். தாங்காதது திடீரென்று நிற்பது. கேம் சேவ் ஆகும்போதோ அப்டேட் இறங்கும்போதோ கரண்ட் போனால் உள்ளே இருக்கும் தகவல் குழம்பும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் பாருங்கள், யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் மாறும் நேரம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், கன்சோலுக்குக் கரண்ட் போனதே தெரியாது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மட்டும் மாட்டாதீர்கள், சைன் வேவ் வேண்டும்.

என்னிடம் வரும் கன்சோல்களில் டிவிக்குப் போகும் ஒயரைச் சொருகும் ஹெச்டிஎம்ஐ போர்ட் போனவை நிறைய. பாதி, பின்னால் கையை விட்டு வயரைக் கோணலாகச் சொருகியதால். மீதியில் பல, கோடை மழை இடியில் போனவை. கரண்ட் லைனில்தான் இடி வரும் என்று நினைத்து பிளக்கை மட்டும் பிடுங்குவார்கள். டிஷ் ஒயர் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து டிவிக்கு வந்து, டிவியிலிருந்து ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியே கன்சோலுக்குள் போய்விடும். ஆகவே வானம் இருட்டினால் டிஷ் ஒயரையும் கழற்றுங்கள்.

தூசி விஷயத்தில் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறை ஓரமாக வீடு இருப்பவர்கள்தான் பாவம். அந்த மாவு மாதிரித் தூள் ஃபேனில் அப்பிக்கொள்ளும். பிளே ஸ்டேஷன் 5இன் பக்கவாட்டு வெள்ளைத் தகடுகளைக் கையாலேயே கழற்றலாம், உள்ளே தூசி சேரும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, வேக்குவம் வைத்து இழுத்தால் போதும். அதற்கு மேல் நீங்களாகத் திறக்காதீர்கள். சிப்புக்கும், அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே திரவ உலோகம் போட்டிருக்கிறார்கள், அது போர்டில் சிந்தினால் ஷார்ட்தான்.

அப்புறம் கரப்பான் பூச்சி. சிரிக்காதீர்கள். பெட்டி சூடாக, இருட்டாக, ஓட்டையோடு இருக்கிறது, அதற்கு வேறென்ன வேண்டும்? ஒரு பிளே ஸ்டேஷன் 4ஐத் திறந்தபோது குடும்பம் குட்டியோடு வெளியே வந்தது. மேசையை விட்டு நான் எழுந்து ஓடியதை என் பையன் இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.

கிராமத்தில் இருக்கிறோம். போன் நெட்டில் ஓடுமா?

ஆட ஓடும், இறக்க ஓடாது. இன்றைக்குப் பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தொடுகின்றன. தினம் 2 ஜிபி டேட்டாவில் ஒரு கேம் இறக்க 50 நாள். 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால் அஞ்சரை மணி நேரம். ஃபைபர் எட்டாத ஊரில் டிஸ்க் மாடல்தான் கதி. டிஸ்க் போட்டாலும் அப்டேட் கேட்கும், அதை டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிப்போய் இறக்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். பாலக்கோட்டிலிருந்து ஒருவர் பைக்கில் கட்டிக்கொண்டு என் கடைக்கே வந்து நெட் கேட்டார். கொடுத்தேன், நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

செகண்ட் ஹேண்டில் பிளே ஸ்டேஷன் 4 வாங்கலாமா?

முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதுதான். 15,000 ரூபாய்க்கு நல்லதாக ஒன்று கிடைத்தால் வாங்கி ஆறு மாதம் ஆடிப் பாருங்கள். துணி போட்டு மூடும் நிலை வந்தால் கொஞ்சம் நஷ்டத்தில் விற்றுவிடலாம். மூடவில்லை என்றால் பிளே ஸ்டேஷன் 5க்குப் போங்கள், டிஸ்க்குகள் கூடவே வரும். 2013இல் பிறந்த பெட்டி அது, புதுக் கேம்கள் வருவது குறைந்துவிட்டது. ஆனால் பத்து வருடத்து நல்ல கேம்கள் அதில் இருக்கின்றன.

வாங்கும்போது நான் பட்டதை நீங்கள் படாதீர்கள். பெங்களூருவில் ஒரு கடையில் "50 கேம் உள்ளேயே போட்டிருக்கிறோம்" என்று கொடுத்தார்கள். சந்தோஷமாக ரயிலேறி வந்து நெட்டில் இணைத்தால், அந்தப் பெட்டியே நிறுவனத்தால் தடைசெய்யப்பட்டது. கணக்கில் நுழையவே முடியவில்லை. சர்வீஸ் கடைக்காரன் நான், எனக்கே இந்தக் கதி. திரும்பப் போனால் பணம் தரவில்லை, இரண்டு டிஸ்க் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆகவே விற்பவர் முன்னாலேயே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். ஒரு டிஸ்க் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள், ஃபேன் ஜெட் விமானம் மாதிரி இரைந்தால் உள்ளே தூசி சேர்ந்திருக்கிறது, அல்லது சூட்டைக் கடத்த சிப்பின்மேல் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கிறது. கண்ட்ரோலரைத் தொடாமல் மேசைமேல் வையுங்கள். திரையில் ஆள் தானாக நடந்தால் குச்சியின் அடியில் இருக்கும் கார்பன் பட்டை தேய்ந்துவிட்டது, அதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

200, 300 ரூபாய்க்கு யாரோ அக்கவுண்ட் கொடுத்து கேம் ஆட விடுகிறார்களாமே?

ஒரே கணக்கில் வாங்கிய கேமைப் பல பேருக்கு விற்கும் வேலை அது. நிறுவனத்தின் விதிக்கு விரோதம். இன்றைக்கு ஓடும், ஒருநாள் கணக்குப் பூட்டிக்கொள்ளும், விற்றவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

அதற்குப் பதில் நல்ல கம்ப்யூட்டர் வாங்கினால்?

காலேஜ் படிக்கும் பிள்ளைக்கு எப்படியும் லேப்டாப் வாங்கத்தான் வேண்டும் என்றால் இந்தக் கேள்வி சரியான கேள்வி. 60,000 ரூபாய் அளவில் தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் படிப்பும் நடக்கும், கேமும் நடக்கும். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் 2015 முதலே ரூபாயில் விலை, தள்ளுபடிக் காலத்தில் சில நூறு ரூபாய்க்கே நல்ல கேம்கள். எபிக் என்ற இன்னோர் இணையக் கடையில் வாராவாரம் ஏதாவது ஒன்று இலவசம். தீவனச் செலவு என்று பார்த்தால் கன்சோலைவிடக் குறைவு. ஆனால் சூடாகும், கத்தும், மூன்று நாலு வருடத்தில் புதுக் கேமுக்கு மூச்சு வாங்கும். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் வைஸ் சிட்டி கேமை ஓட்டிய தலைமுறைக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நின்டெண்டோ ஸ்விட்ச் எப்படி?

சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கேம்கள் வேறெதிலும் இல்லை. கையிலேயே வைத்து ஆடலாம், டிவி வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் நின்டெண்டோ அதை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. பெங்களூருக் கடைகளில் இறக்குமதிச் சரக்காகக் கிடைக்கும், கடைக்குக் கடை விலை மாறும். கெட்டால் கம்பெனி சர்வீஸ் கிடையாது. கேம் விலையும் லேசில் இறங்காது.

மாங்காய் காசு கையில் இருக்கிறது. இப்போதே வாங்கவா, விலை குறையட்டுமா?

காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் ஜூன், ஜூலையில் இந்தக் கேள்வி வரும். முன்பெல்லாம் கன்சோல் வந்து இரண்டு மூன்று வருடத்தில் விலை இறங்கும். இந்த முறை அது பலிக்கவில்லை. பிளே ஸ்டேஷன் 5 டிஸ்க் மாடல் 2021 பிப்ரவரியில் 49,990க்கு வந்தது, 2022இல் 54,990 ஆனது, 2024 ஏப்ரலில் வந்த ஸ்லிம் மாடலும் அதே விலை. ஆகவே வருடக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை. தீபாவளியை ஒட்டிச் சில வருடங்களில் 5,000 ரூபாயும் அதற்கு மேலும் குறைத்தார்கள், அதுவரை பொறுக்கலாம். காசு கையில் தங்காது என்பவர் நகைச் சீட்டு மாதிரி நினைத்து வங்கியில் போட்டு வையுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள், ஆனால் அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். பெரிய தொகையில்லை. விளையாட்டுச் சாமானுக்குக் கடன் வாங்குவதே எனக்கு ஒப்பாது, அது என் வயது.

கேம் ஆடியே சம்பாதிக்கலாம் என்கிறானே?

ஒரு சிலர் சம்பாதிக்கிறார்கள். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் என்கிற கேம் போட்டிகளுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஆனால் பையனிடம் ஒன்று கேளுங்கள்: எந்த கேமில்? பிஜிஎம்ஐ என்று சொன்னால் அது போனில் ஆடுவது. அதற்கு எதற்கு பிளே ஸ்டேஷன்?

நீங்கள் வாங்கினீர்களா?

அந்தத் தடைசெய்யப்பட்ட பிளே ஸ்டேஷன் 4தான் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நெட் இல்லை, டிஸ்க் மட்டும் ஓடும். கடைக்காரர் கொடுத்த இரண்டு டிஸ்க்கில் ஒன்று கிரிக்கெட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் பையனும் ஆடுகிறோம். மூன்று வருடமாக அவன் என்னிடம் தோற்றதில்லை. வெண்பாவை ஆடியது மகளின் லேப்டாப்பில். பிளே ஸ்டேஷன் 5க்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எங்கள் வீட்டில் மணிக்கு 110 ரூபாய் வருகிறது. இன்னும் வாங்கவில்லை.